ஓடாத டிராக்டருக்கும் எண்ணெய் மாற்ற வேண்டும்

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில், நகரத்தை விட்டு ஒரு மணி நேரம் காரோட்டிப் போனால் மூன்று ஏக்கர், ஐந்து ஏக்கர் நிலத்தோடு வீடுகள் கிடைக்கும். தோட்டம் போடும் ஆசையில் அப்படி வீடு வாங்கிய தமிழ் நண்பர்களுக்கு முதல் கோடையிலேயே ஒன்று புரிந்துவிடுகிறது: கையால் தள்ளிக்கொண்டு போகும் புல்வெட்டி இந்த நிலத்துக்குக் காணாது. டிசம்பரில் வாசலிலிருந்து தெருவரை பனியை அள்ள வேண்டும் என்பது அடுத்த பாடம். விளைவு, வீட்டுக் கொட்டகையில் ஒரு டிராக்டர் வந்து நிற்கிறது. ஊரில் மினி டிராக்டர் என்கிறோமே, அதே வகை. இங்கே காம்பாக்ட் டிராக்டர் என்பார்கள். 20 முதல் 40 குதிரைத்திறன், பெரும்பாலும் மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின், முன்னால் மண்ணள்ளும் வாளி, பின்னால் புல்வெட்டி. ஜப்பானின் சிறிய நெல்வயல்களுக்காகப் பிறந்த உருவம் இது. 1969இல் குபோட்டா நிறுவனம் 21 குதிரைத்திறன் கொண்ட தன் சிறு டிராக்டரை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது. அதன்பின் மற்றவர்களும் வந்தார்கள். விலை ஒரு புதுக் காரின் விலைக்குக் குறையாது.

இப்படி வாங்கிய நண்பர் ஒருவர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். 'வருஷத்துக்கு முப்பது மணி நேரம் ஓடினா அதிகம். வருஷா வருஷம் எதுக்குங்க ஆயில் மாத்தணும்? புதுசாத்தானே இருக்கு?' கேள்வியில் நியாயம் இருப்பது போலத்தான் தோன்றும். ஆனால் அது எண்ணெயையும் கூலண்டையும் வெறும் திரவங்களாகப் பார்க்கும் கேள்வி. உண்மையில் அவை இரண்டும் மருந்துக் கலவைகள். திரவம் அப்படியே இருக்கும்; உள்ளே இருக்கும் மருந்து தீர்ந்துபோகும். தீர்ந்தது கண்ணுக்குத் தெரியாது.

மணிக்கணக்கு

டிராக்டரில் கிலோமீட்டர் கணக்குக்குப் பொருளில்லை. ஓரிடத்தில் நின்றபடியே நாள் முழுக்க வேலை செய்யும் வண்டி அது. எனவே எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டர் இருக்கும். புது டிராக்டரில் முதல் எண்ணெய் மாற்றம் பெரும்பாலும் 50 மணி நேரத்தில். புதிதாகப் பொருத்திய உலோகப் பாகங்கள் ஒன்றோடொன்று தேய்ந்து பழகும்போது உதிரும் நுண்துகள்களை வெளியேற்றவே இந்த அவசரம். அதன்பின் மாடலைப் பொறுத்து 100 முதல் 200 அல்லது 250 மணி நேரத்துக்கு ஒருமுறை. கூடவே கையேட்டில் ஒரு சின்ன வரி இருக்கும்: 'அல்லது ஆண்டுக்கு ஒருமுறை, எது முன்னதோ அது.' நண்பருக்குப் பிடிக்காத வரி இதுதான்.

நூறு மணி நேரம் என்பது குறைவு என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. புல் வெட்டும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 2500 சுற்று வேகத்தில் நிலையாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு மணி நேரத்தில் அது ஒன்றரைக் கோடி சுற்றுகள். நிமிடத்துக்கு 2000 சுற்றில் மணிக்கு 100 கிலோமீட்டர் போகும் கார் அத்தனை சுற்றுச் சுற்ற வேண்டுமானால் 12,500 கிலோமீட்டர் ஓட வேண்டும்.

டவரின் மரக்கட்டை

எள்ளின் நெய்யே எண்ணெய். பிறகு அந்தச் சொல் தேங்காய்க்கும் வேம்புக்கும் பரவி, மண்ணெண்ணெய் வரை வந்து, கடைசியில் எஞ்சினுக்குள்ளும் இறங்கிவிட்டது. மாட்டுவண்டி அச்சுக்கு வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்துப் போட்ட மசகின் வாரிசு இது. ஆனால் வேலை செய்யும் விதம் வேறு.

அந்த விதத்தைக் கண்டுபிடித்த கதை சுவையானது. 1883இல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் வண்டி அச்சுகளின் பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சைச் சுழற்றியதும் எண்ணெய் உள்ளே போவதற்குப் பதில் துளை வழியாக மேலேறி வெளியே வழிந்தது. தக்கையால் அடைத்தார், பிடுங்கிக்கொண்டு வந்தது. மரக்கட்டையை அடித்து இறுக்கினார். அதையும் தள்ளிக்கொண்டு வந்தது. பிறகு அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தால், பேரிங்கின் மேல் இருந்த சராசரிப் பளுவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான அழுத்தம் எண்ணெய்க்குள் இருந்தது. 1886இல் ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் அதற்கான கணிதத்தை எழுதினார். (முதுநிலை வகுப்பில் இந்தச் சமன்பாட்டோடு மல்லுக்கட்டிய காலத்தில், இதற்குப் பின்னால் ஒரு மரக்கட்டை இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆர்வமாகப் படித்திருப்பேன்.)

சாரம் இதுதான்: சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் சென்று ஆப்பு வடிவமான குறுகிய இடைவெளிக்குள் திணிக்கிறது. அங்கே எழும் அழுத்தம் அச்சையே தூக்கி நிறுத்துகிறது. சில மைக்ரான் தடிமனான அந்தப் படலத்தின்மேல் கிராங்க் ஷாஃப்ட் மிதக்கிறது. நம் தலைமுடி அதைப்போலப் பல மடங்கு தடிமன். மிதக்கும்வரை உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. தேய்மானமும் ஏறக்குறைய இல்லை.

ஆனால் மிதப்பதற்குச் சுழல வேண்டும். நிற்கும் எஞ்சினில் படலம் இல்லை. அச்சு பேரிங்கின்மேல் படுத்துக் கிடக்கிறது. சாவியைத் திருப்பிய முதல் சில நொடிகளில் உலோகம் உலோகத்தை உரசத்தான் செய்யும். அந்த நொடிகளில் காப்பாற்றுவது எண்ணெயில் கரைத்திருக்கும் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மங்கள். அவை உலோகப் பரப்பில் ஒரு மெல்லிய பூச்சாகப் படிந்து, உலோகத்துக்குப் பதிலாகத் தாம் தேய்கின்றன. மருந்து என்று முன்னே சொன்னது இவற்றைத்தான்.

ஒரு லிட்டர் டீசல், ஒரு லிட்டர் தண்ணீர்

இப்போது நண்பரின் கேள்விக்கு வருவோம். டீசல் ஒரு ஹைட்ரோகார்பன். அது எரியும்போது அதிலுள்ள ஹைட்ரஜன் முழுவதும் நீராகிறது. கணக்குப் போட்டால் ஒரு லிட்டர் டீசல் எரிந்து ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். ஒரு சிறு பங்கு பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கும். எஞ்சின் நன்றாகச் சூடாகி அரைமணி, ஒருமணி நேரம் பளுவோடு ஓடினால் இந்த நீர் மீண்டும் ஆவியாகிப் போய்விடும். பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் போகாது. குளிர்ந்த எண்ணெயிலேயே தங்கி, எரிதலில் உண்டான கந்தக, நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்து அமிலமாகும். பேரிங்குகளின் உட்பூச்சு மென்மையான உலோகம். அமிலம் அதை அரிக்கும்.

இதை எதிர்பார்த்தே எண்ணெயில் கால்சியம், மக்னீசியம் கலந்த காரப் பொருட்களைச் சேர்க்கிறார்கள். அமிலம் வர வர அவை அதை முறித்துத் தாமும் செலவாகும். வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை சாப்பிடுவது மாதிரி. மாத்திரைப் பெட்டி காலியானபின் எரிச்சல் எரிச்சல்தான்.

ஆக, வருடத்துக்கு முப்பது மணி நேரம் மட்டும், அதுவும் கால்மணி கால்மணியாக ஓடும் டிராக்டரின் எண்ணெய், நாள் முழுக்க வயலில் ஓடும் டிராக்டரின் எண்ணெயைவிட மணிக்கணக்கில் சீக்கிரமே கெடுகிறது. விவசாயியின் எஞ்சின் தினமும் தன்னை உலர்த்திக்கொள்கிறது. நம் எஞ்சினுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. குளிர்காலத்தில் 'பாட்டரி செத்துப்போகாமல் இருக்க' வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓட்டி அணைக்கிறவர்களைப் பார்க்கிறேன். எஞ்சினுக்கு இதைவிடக் கெடுதல் செய்வது கடினம். பாட்டரிக்கு ஒரு சிறு சார்ஜர் போதும். எஞ்சினை ஓட்டினால் முழுதாகச் சூடாகும்வரை வேலை கொடுங்கள், இல்லையென்றால் தூங்கவிடுங்கள். மாதக்கணக்கில் தூங்கப் போகும் வண்டிக்கு எண்ணெயைத் தூங்கும் முன்னே மாற்றிவிடுவது நல்லது. அமிலம் சேர்ந்த எண்ணெயைப் பனிக்காலம் முழுக்கப் பேரிங்கில் ஊறவைத்துவிட்டு வசந்தத்தில் மாற்றுவதில் என்ன லாபம்?

நிறத்தை நம்பக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டீசல் எஞ்சினில் புது எண்ணெய் ஓரிரு மணி நேரத்திலேயே கறுத்துவிடும். புகைக்கரியைப் பிடித்துத் தன்னுள் மிதக்கவைப்பது அதன் வேலை. கறுப்பு என்றால் வேலை செய்கிறது என்று பொருள். பயப்பட வேண்டிய நிறம் வேறொன்று இருக்கிறது. பால் அதிகம் விட்ட காப்பி மாதிரி வெளுத்து நுரைத்திருந்தால் தண்ணீரோ கூலண்டோ கலந்திருக்கிறது. அதேபோல அளவுக் கம்பியில் மட்டம் குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம், ஆனால் தானாக ஏறியிருந்தால் எஞ்சினை ஓட்டாதீர்கள். உள்ளே டீசலோ கூலண்டோ கசிகிறது.

டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது

15டபிள்யூ-40 என்பதில் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும். அதன் முன்னுள்ள எண் குளிரில் எண்ணெய் எவ்வளவு இளகி இருக்கிறது என்பது. பின்னுள்ள எண் 100 டிகிரி செல்சியஸில் எவ்வளவு கெட்டி என்பது. 15 என்றால் எஞ்சினைச் சுழற்றும் சோதனை மைனஸ் 20 டிகிரியில் நடக்கிறது. 10 என்றால் மைனஸ் 25. 5 என்றால் மைனஸ் 30. கோவையில் இந்த எண்ணைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. வடக்கு நியூயார்க்கில் ஜனவரி காலை பனி அள்ளப் போகிறவருக்கு 5டபிள்யூ-40 செயற்கை எண்ணெய்க்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீணில்லை, கையேடு அதை அனுமதித்தால். 'செயற்கை எண்ணெய் போட்டேன், இரண்டு வருடம் தாங்கும்' என்ற கணக்கு மட்டும் வேண்டாம்.

அடுத்து ஏபிஐ முத்திரை. எஸ் எழுத்தில் தொடங்குவது பெட்ரோல் எஞ்சினுக்கு, சி எழுத்தில் தொடங்குவது டீசலுக்கு. 2016 டிசம்பரில் வந்த சிகே-4 பெரும்பாலான சிறு டிராக்டர்களுக்குப் பொருந்தும். காருக்கு வாங்கி மிச்சமிருக்கும் எண்ணெயை டிராக்டரில் ஊற்றுவது சிக்கனம் இல்லை. அமெரிக்காவில் ஏன் இத்தனை டிராக்டர்கள் 24 சொச்சம் குதிரைத்திறனில் விற்கிறார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? 19 கிலோவாட்டுக்கு, அதாவது சுமார் 25 குதிரைக்கு மேல் போனால் 2013 முதல் கடுமையான புகை விதி. அதைச் சமாளிக்கப் பலர் புகைக்குழாயில் கரி வடிகட்டி வைக்கிறார்கள். அப்படிப்பட்ட வண்டிக்குச் சாம்பல் குறைந்த எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். தவறினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், அதன் விலையைக் கேட்டால் நமக்கு மூச்சடைக்கும்.

கடையில் எண்ணெயோடு சேர்த்து விற்கும் அதிசய மருந்துப் புட்டிகள் எதுவும் தேவையில்லை என்பது என் கட்சி.

மாற்றும் வேலை

ஒரு மணி நேர வேலை. சமதளத்தில் நிறுத்தி, முன்வாளியைத் தரையில் இறக்கி, பிரேக் போட்டு, எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டி எண்ணெய் வெதுவெதுப்பானதும் அணையுங்கள். சூடான எண்ணெய்தான் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். கொதிக்கக் கொதிக்க இருந்தால் கை வெந்துவிடும். அடிமரையைக் கழற்றி வடியவிடுங்கள். மூன்று சிலிண்டர் எஞ்சினில் மூன்று முதல் ஐந்து லிட்டர் வரை வரும். பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் கூடவே வந்துவிட்டதா என்று கட்டாயம் பாருங்கள். எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்து, அதன்மேல் புது வளையமும் ஏறினால், ஓட்டிய சில நிமிடங்களில் எண்ணெய் முழுவதும் பீய்ச்சி அடித்துப் போய்விடும். புது வளையத்தில் விரலால் கொஞ்சம் எண்ணெய் தடவிக் கையாலேயே இறுக்கினால் போதும். புது எண்ணெய் ஊற்றி, ஓட்டி, எண்ணெய் அழுத்த விளக்கு அணைவதைப் பார்த்து, நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து மட்டம் பாருங்கள். மேல் கோட்டுக்கு மேல் போகக் கூடாது. அதிகம் ஊற்றினால் கிராங்க் ஷாஃப்ட் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். நுரையின்மேல் எதுவும் மிதக்காது.

தண்ணீர் போதாதா?

ஊரில் கிணற்று மேட்டில் ஓடிய ஆயில் எஞ்சின்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கூலண்ட் ஓர் ஆடம்பரமாகத் தோன்றலாம். கிணற்றுத் தண்ணீரையே எஞ்சின் வழியாகச் சுற்றவிட்டு அப்படியே வாய்க்காலில் விட்டார்களே! வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரை விஞ்ச எதுவும் இல்லை என்பதும் உண்மை. கூலண்ட் கலந்தால் அந்தத் திறன் குறையவே செய்கிறது.

ஆனால் தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் பெருக்கிறது. வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, பிளக்கும். ஒரே இரவில், வண்டி ஓடாமல் கொட்டகையில் நிற்கும்போதே எஞ்சின் பிளாக் வெடித்துவிடும். ஒட்டுப்போட முடிந்தாலும் நம்பிக்கையில்லை. பெரும்பாலும் புது எஞ்சின்தான். எஞ்சினின் பக்கவாட்டில் இருக்கும் வட்டத் தகடுகள் உறையும்போது தெறித்துக் காப்பாற்றும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அவை வார்க்கும்போது உள்ளே இருந்த மணலை எடுக்க விட்ட துளைகளின் மூடிகள். சில சமயம் தெறிக்கும், சில சமயம் தெறிக்காது.

எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் உறைநிலை மைனஸ் 37 டிகிரிக்கு இறங்கும். பாதியே இவ்வளவு என்றால் முழுவதும் கிளைக்கால் ஊற்றினால் இன்னும் நல்லதுதானே? இல்லை. தனிக் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். இரண்டும் கலக்கும்போது ஒன்றின் மூலக்கூறுகள் மற்றொன்று படிகமாவதைக் கெடுக்கின்றன. தனித்தனியே இருந்தால் கெடுக்க ஆளில்லை. ஆகவே 70 பங்குக்கு மேல் போவதில் நட்டம்தான்.

வெயில் மட்டுமே உள்ள ஊரிலும் கூலண்ட் தேவை, காரணம் வேறு. எண்ணெய்க்குச் சொன்னதேதான்: மருந்து. வார்ப்பிரும்பு, அலுமினியம், தாமிரம், ஈயப்பற்று எல்லாம் ஒரே வெந்நீரில் நின்றால் ஒன்றை ஒன்று அரிக்கும். அதைத் தடுக்கும் உப்புகளும் கரிம அமிலங்களும் கூலண்டில் உள்ளன. அவை செலவழிந்துவிட்டால் கிளைக்காலே மெல்ல ஆக்சிகரணம் அடைந்து அமிலமாகும். உறைநிலையைக் காட்டும் கருவி அப்போதும் மைனஸ் 37 என்றே சொல்லும். ரேடியேட்டர் உள்ளுக்குள் கரைந்துகொண்டிருக்கும். பழைய வகைக் கூலண்டுக்கு இரண்டு ஆண்டு, நீண்ட ஆயுள் வகைக்கு நான்கைந்து ஆண்டு என்று கெடு வைப்பது இதனால்தான். இங்கே மணிக்கணக்கைவிட நாட்காட்டிதான் முக்கியம்.

பச்சை, ஆரஞ்சு, நீலம் என்ற நிறங்கள் வெறும் சாயம். எந்தத் தரமும் நிறத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. பச்சையோடு பச்சை சேரும் என்று ஊற்றாதீர்கள். டப்பாவின் பின்புறம் எழுதியிருக்கும் வகையைக் கையேட்டோடு ஒப்பிடுங்கள். கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ கலக்கவும் வேண்டாம். அதிலுள்ள சுண்ணாம்பு உள்ளே சோற்றுப்பானை அடிப்பிடித்த மாதிரி படியும், படிந்த இடத்தில் சூடு இறங்காது. காய்ச்சி வடித்த நீர் விலை அதிகமில்லை.

மாற்றும்போது ஒரு நுணுக்கம். பழையதை வடித்துச் சுத்த நீரால் அலசினால், எஞ்சினுக்குள் கொஞ்சம் நீர் தங்கியே தீரும். அதன்மேல் ஏற்கனவே பாதிக்குப் பாதி கலந்து விற்கும் கூலண்டை ஊற்றினால் கலவை நீர்த்துவிடும். அடர் கூலண்ட் வாங்குங்கள். மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர் என்றால் முதலில் அடர் கூலண்ட் இரண்டரை லிட்டரை ஊற்றிவிட்டு, மீதியை வடித்த நீரால் நிரப்புங்கள். ஓட்டிச் சூடாக்கி ஆறவிட்டபின் மட்டம் இறங்கும், காற்று வெளியேறியதால். மீண்டும் நிரப்புங்கள்.

ரேடியேட்டர் மூடி வெறும் மூடியல்ல, ஓர் அழுத்த வால்வு. அழுத்தம் ஏற ஏறக் கொதிநிலையும் ஏறும். மூடிய நிலையில் உள்ளே உள்ள கலவை 125 டிகிரியைத் தாண்டினால்தான் கொதிக்கும். குக்கர் தத்துவம். 110 டிகிரியில் அமைதியாக இருக்கும் கலவையின் மூடியைத் திறந்தால், அந்தக் கணமே கொதித்து முகத்தில் அடிக்கும். சூடேறும் முள் சிவப்புக்குப் போனால் உடனே அணைக்கவும் வேண்டாம், மூடியைத் தொடவும் வேண்டாம். கூலண்ட் கொட்டாதவரை, பளுவை விடுவித்து ஐந்து நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, பிறகு அணைத்து, கை வைத்தால் பொறுக்கும் வரை ஆறவிடுங்கள். பெரும்பாலும் குற்றவாளி கூலண்டாகவே இருக்காது. ஜூனில் பறக்கும் பஞ்சும் புல்தூளும் ரேடியேட்டர் முன்னுள்ள வலையை அடைத்திருக்கும். விசிறி முன்னாலிருந்து காற்றை இழுக்கிறது. எனவே சுத்தம் செய்யும்போது பின்னாலிருந்து முன்னால் ஊத வேண்டும். அதிக அழுத்தத் தண்ணீர்க் குழாயைக் காட்டினால் மெல்லிய தகடுகள் மடங்கிப்போகும்.

இனிக்கும் விஷம்

எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயும் பூனையும் நக்கும். குழந்தையும் விரலை வைக்கும். உடலுக்குள் அது ஆக்சாலிக் அமிலமாகிச் சிறுநீரகத்தில் படிகமாகப் படிந்து கொல்லும். ஒரு பூனைக்கு ஓரிரு தேக்கரண்டி போதும். அமெரிக்க உற்பத்தியாளர்கள் 2012இல் தாமாகவே கசப்பு சேர்க்க ஒப்புக்கொண்டார்கள், ஆனால் கசப்பு எல்லா நாயையும் நிறுத்துவதில்லை. யாராவது குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். முறிமருந்து உண்டு, நேரத்தில் கொடுத்தால்தான் பலிக்கும். கொட்டகைத் தரையில் சிந்தியதை உடனே பூனைமண் தூவித் துடைத்துவிடுங்கள். வடித்ததைத் திறந்த பாத்திரத்தில் ஒரு நிமிடம்கூட விட்டுவைக்காதீர்கள்.

பழைய எண்ணெயை இங்கே பல வாகன உதிரிபாகக் கடைகள் இலவசமாக வாங்கிக்கொள்ளும். கூலண்ட் கலந்திருந்தால் வாங்கமாட்டார்கள். அதனால் வடிப்பதற்கு இரண்டு தனித் தட்டுகள், ஊற்றிவைக்க இரண்டு தனிக் கேன்கள் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டின்மேலும் பெரிய எழுத்தில் பெயர் எழுதிவிடுங்கள். பேனா கையில் இருக்கும்போதே, புது ஃபில்டரின்மேல் தேதியையும் மணிமீட்டர் எண்ணையும் எழுதிவைக்கலாம்.